விளக்கு எரிகிறது, ஏசி மட்டும் ஓடவில்லை

அமெரிக்காவில் ஆர்வி என்று சொல்லும் வீட்டு வண்டி முகாம் மைதானத்தில் வந்து நின்றதும் தேடுவது, தரையோடு நிற்கும் ஒரு குட்டைக் கம்பத்தை. கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் பிரேக்கரும் சாக்கெட்டும் அதில்தான் இருக்கும். தடித்த கேபிளைச் செருகியாயிற்று, விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. ஏசி மட்டும் ஓடவில்லை. கரண்ட் இருக்கிறது, ஏசிதான் பழுது என்று பலரும் முடிவு கட்டுவது இங்கேதான்.

இந்த வண்டிக்குள் இரண்டு மின்சாரம் உண்டு. விளக்கும் தண்ணீர் பம்பும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. ஏசிக்கும் மைக்ரோவேவுக்கும் வெளியிலிருந்து 120 வோல்ட் வேண்டும். நடுவில் கன்வர்ட்டர் என்ற பெட்டி அந்த 120-ஐ 12 ஆக்கி பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். வெளிக் கரண்ட் நின்றுபோனாலும் விளக்குக்கு அது தெரியாது. பேட்டரி தீரும்வரை எரியும். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அநேகமாகக் கன்வர்ட்டர் ஓடுகிறது, கரண்ட் உள்ளே வந்துவிட்டது. 12.5-க்குக் கீழே மெல்ல இறங்கிக்கொண்டே போனால், கோளாறு பெரும்பாலும் கம்பத்துக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவில் எங்கோ.

முதலில் பிளக்கைப் பாருங்கள். பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான். எத்தனையோ வண்டிகள் செருகிச் செருகித் தளர்ந்துபோன சாக்கெட் அது. பித்தளை முள் கறுத்திருந்தால் தொடர்பு சரியில்லை. அங்கே வெறும் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 ஆம்பியர் ஓடும்போது வோல்டேஜ் 3 வோல்ட்தான் குறையும், மீட்டரில் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில் 90 வாட் வெப்பம். சாலிடரிங் அயர்ன் இரண்டு மூன்றைப் பிளக்குக்குள் வைத்து மூடியது போல! கேபிள் உருகுவது இப்படித்தான்.

பிரேக்கர் அடிக்கடி விழுந்தால் கணக்குப் போட்டால் போதும். 30 ஆம்பியர் இணைப்பு மொத்தம் 3,600 வாட் தரும். ஏசி சுமார் 13 ஆம்பியர், வாட்டர் ஹீட்டர் 12, மைக்ரோவேவ் இன்னொரு 12. மூன்றும் சேர்ந்து ஓடினால் விழத்தான் செய்யும். கோடை மத்தியானத்தில் மைதானம் முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜே இறங்கிவிடும். கம்ப்ரசருக்கு அது ஆகாது. அதனால்தான் பாதுகாப்புக் கருவிகள் பல 104 வோல்ட்டுக்குக் கீழே இணைப்பைத் துண்டிக்கின்றன.

50 ஆம்பியர் இணைப்பின் ஆபத்து வேறு மாதிரி. அதில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு, பொதுவாக ஒரே நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி. கம்பிக்குக் கம்பி அளந்தால் 240. ஒரு பக்கம் 1,200 வாட் ஹீட்டர், மறுபக்கம் 400 வாட் சாமான் ஓடுகிறது. நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டும் அந்த 240-க்குக் குறுக்கே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஹீட்டரின் தடை 12 ஓம், மற்றதன் தடை 36. ஆக ஹீட்டருக்கு 60 வோல்ட், சின்னச் சாமானுக்கு 180. குறைவாகக் கரண்ட் குடிப்பதுதான் முதலில் கருகும். டிவியும் சார்ஜரும் ஒரே நாளில் போவதற்கு இது ஒரு காரணம். இதில் பிரேக்கரும் விழாது, ஓடுவது வெறும் 5 ஆம்பியர்தானே.

நியூட்ரல் போனால் சாமான் போகும். எர்த் போனால் ஆளுக்கே ஆபத்து. எர்த் அறுந்திருக்கும்போது உள்ளே சிறு கசிவு இருந்தாலும் வண்டியின் உலோக உடல் முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடுபவருக்குத்தான் அடிக்கும். தொடாமலே காட்டும் டெஸ்டர் பேனாவை, செருப்போடு நின்று, கதவருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அது கத்தினால் வண்டியைத் தொடாமல் கம்பத்தில் பிரேக்கரை இறக்கிவிட்டு மைதானக்காரரைக் கூப்பிடுங்கள்.