ஆஸ்டெரிட்டி: இதுக்குச் சிக்கனம்னு பேர் வைக்கலாமா?

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பு திருத்தத்துக்கு வந்துச்சு. இங்கிலாந்துல பள்ளிக்கூடக் கட்டடங்க ஏன் இந்த நெலமைக்கு வந்துச்சுன்னு ஒரு கட்டுரை. ஆங்கிலத்துல "ஆஸ்டெரிட்டி"ன்னு, அதாவது அரசாங்கம் பொதுச் செலவ கடுமையா கொறைக்கறதுன்னு, நல்லா எழுதியிருந்தாங்க, தமிழ்ல ரெண்டாவது பாராவிலயே "அரசின் சிக்கன நடவடிக்கைகளால் பள்ளிக் கூரைகள் இடிந்து விழும் நிலை ஏற்பட்டது"ன்னு இருந்துச்சு. அதுக்கு மேல படிக்க முடியல. சிக்கனமா இருந்தா கூரை இடியுமா? எங்க தெருவுல சிக்கனமா இருந்த வீட்டுக்காரங்கதான் கீத்த எடுத்துட்டு ஓடு போட்டாங்க, அப்புறம் ஓட்ட எடுத்துட்டு மாடி கட்டினாங்க.

அனுப்பினவருக்கு போன் போட்டேன். என்னைவிட இருபது வருஷம் மூத்தவர், பத்திரிகையில பழம் தின்னு கொட்டை போட்டவர். "தம்பி, எல்லாரும் சிக்கன நடவடிக்கைனுதான போடறாங்க, கிரீஸுக்குப் போட்டோம், இலங்கைக்குப் போட்டோம், வாசகருக்குப் பழகிருச்சு, இப்பப் போய் ஏன் நோண்டற"ன்னாரு. பழகிருச்சுங்கறதுதாண்ணே பிரச்சனைன்னேன். போன்ல முழுசா சொல்ல வரல, அதான் எழுதறேன்.

ஆஸ்டெரிட்டிங்கற சொல்லோட பூர்வீகத்த சட்டுனு சொல்லிடறேன். கிரேக்கத்துல "அவுஸ்டெரோஸ்". நாக்க வறள வெச்சு சொரசொரப்பாக்கற சுவைக்கு அந்தப் பேரு, அதாவது நம்ம துவர்ப்பு. லத்தீன், பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தப்ப சிரிக்காத கடுமையான ஆளுக்கு ஆச்சு, துறவிங்க உடம்ப வருத்திக்கறதுக்கு ஆச்சு, கடைசியில ரெண்டாம் உலகப்போர் காலத்துல அரசாங்கக் கணக்குக்குள்ள நொழைஞ்சுது. 2010-ல மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்காரங்க அந்த வருஷத்துச் சொல்லா இதத்தான் அறிவிச்சாங்க, அத்தன பேரு அர்த்தம் தேடி வந்திருக்காங்க. ஆரம்பத்துலேர்ந்தே இந்தச் சொல்லுல ஒரு கசக்கற முகம் இருக்கு, அத மனசுல வெச்சுக்கங்க.

நம்ம "சிக்கனம்" வேற வம்சம். சிக்குன்னு, சிக்கென, இறுக்கமா. மாணிக்கவாசகர் "சிக்கெனப் பிடித்தேன்"னு பாடறாரே, அந்தச் சிக்கென. கைக்காச விட்டுறாம இறுக்கிப் புடிக்கறது சிக்கனம். இதுக்குக் கூடப்பொறந்த சொல்லு "செட்டு", "செட்டா குடித்தனம் பண்றா"ன்னு பாட்டிங்க சொல்வாங்க. சொல்லும்போதே கொரல்ல ஒரு மெச்சுதல் இருக்கும். திட்டணும்னா கஞ்சம், கருமிம்பாங்க, சிக்கனம்னு யாரும் யாரையும் திட்டினது கெடையாது.

எங்க அம்மா ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிஞ்சதும் எங்க மூணு பேரோட பழைய நோட்டையெல்லாம் கூடத்துல கொட்டி உக்காந்துருவாங்க. ஸ்டேப்ளர் பின்ன நெம்பி எடுத்து, எழுதாத பக்கத்த மட்டும் பிரிச்சு, ஓரம் தட்டி அடுக்கி, கோணி ஊசியில நூல் கோத்து நடுவுல மூணு எடத்துல தைச்சு, மேல பழைய காலண்டர் அட்டைய ஒட்டி ரஃப் நோட்டு ஆக்கிருவாங்க. கோடு போட்ட பக்கம், போடாத பக்கம், நாலு கோட்டுப் பக்கம்னு கலந்துதான் கெடக்கும், ஆனா வருஷம் பூரா கணக்கு அதுலதான் போட்டோம், ஒரு கணக்கும் கொறையல. இதுதான் சிக்கனம். காசு மிச்சமாச்சு, காரியம் கெடல, கைய சுருக்கினது யாரோட காசோ அவங்களே.

அரசாங்கத்துலயும் அந்த மாதிரி நடந்ததுண்டு. 2021-ல தமிழ்நாட்டுல ஆட்சி மாறினப்ப, போன ஆட்சியில ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படம் போட்டு அடிச்ச ஸ்கூல் பை குவிஞ்சு கெடந்துச்சு. அத மாத்த வேணாம், அப்படியே பிள்ளைங்களுக்குக் குடுங்கன்னு ஸ்டாலின் சொல்லிட்டாரு, அதுல 13 கோடி ரூபா மிச்சம்னு சட்டசபையில சொன்னாங்க. பிள்ளைக்குப் பை கெடச்சுது, காசும் மிச்சமாச்சு. கட்சி எதுவா இருந்தாலும் இதுக்குச் சிக்கனம்னு பேர் வைக்கறதுல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல.

இப்ப மின்சாரத்துக்கு வாங்க, ஏன்னா பதில் அங்கதான் தயாரா கெடக்கு. "மின்சிக்கனம் தேவை இக்கணம்"னு ஈபி ஆபீஸ் சுவத்துல படிச்சு வளந்தவங்க நாம. ஆள் இல்லாத ரூம்ல ஃபேன அணைச்சா அது மின்சிக்கனம். தமிழ்நாட்டுல 2012 வாக்குல மணிக்கணக்கா கரண்ட் போச்சே, மாவு மில்லு நின்னு, பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைங்க மெழுகுவத்திய வெச்சுட்டு உக்காந்துச்சே, அதுக்கு என்ன பேரு வெச்சோம்? மின்வெட்டு. எந்தப் பேராசிரியரும் வந்து ஆக்கித் தரல, மக்களே பிரிச்சு வெச்சிருக்காங்க: நானா கொறைச்சா சிக்கனம், மேலேர்ந்து ஒருத்தன் நிறுத்தினா வெட்டு. அப்படின்னா அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கற பணத்த நிறுத்தறதுக்கு மட்டும் ஏன் முதல் சொல்லு?

அந்தக் கட்டுரை பேசற விஷயத்தையே எடுத்துக்குவோம். 2009-லயே "சிக்கன யுகம்" வரப்போகுதுன்னு (இப்படித்தான் நம்மாளுங்க மொழிபெயர்த்தாங்க) டேவிட் கேமரூன் பேசிட்டாரு, 2010-ல பிரதமரும் ஆயிட்டாரு. அந்த வருஷம் ஜூலையில கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், இங்கிலாந்துல மேல்நிலைப் பள்ளிகள எல்லாம் புதுசாக்கறதுக்குன்னு முந்தின அரசாங்கம் கொண்டுவந்த 5,500 கோடி பவுண்டு திட்டத்த நிறுத்தினாரு, 700-க்கும் மேல பள்ளிங்களோட கட்டட வேலை ரத்து. எந்தப் பள்ளி உள்ள, எது வெளியங்கற பட்டியல்லயே தப்பு இருந்து மன்னிப்பு வேற கேட்டாரு. ஏழை வீட்டுப் பிள்ளைங்க 16 வயசுக்கு மேலயும் படிக்கட்டும்னு வாரம் 30 பவுண்டு வரைக்கும் குடுத்துட்டிருந்த உதவித்தொகைய இங்கிலாந்துல 2011-ல நிறுத்தினாங்க, ஸ்காட்லாந்தும் வேல்ஸும் நிறுத்தல. அந்த 30 பவுண்டு ஒரு பையனுக்கு பஸ் காசு, மதியச் சாப்பாடு. அவன் கிட்ட போய் "அரசின் சிக்கன நடவடிக்கை தம்பி"ன்னு சொன்னா, ஏதோ அவன் ஊதாரியா இருந்த மாதிரில்ல ஆகுது?

2010-க்கும் 2020-க்கும் நடுவுல இங்கிலாந்துப் பள்ளிகள்ல ஒரு மாணவருக்கான செலவு, விலைவாசிய கழிச்சுப் பாத்தா, ஏறக்கொறைய 9 சதவீதம் கொறைஞ்சுது. கூரை விஷயத்துக்கு வந்தா, 1950-கள்லேர்ந்து 1990-கள் வரைக்கும் அங்க பொதுக் கட்டடங்கள்ல காத்துக்குமிழி போட்ட லேசான கான்கிரீட் பலகைய கூரைக்குப் போட்டாங்க, அதுக்கு ஆயுசு கம்மி. 2018-ல கெண்ட் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில இந்தக் கூரை விழுந்துச்சு, வார இறுதிங்கறதால பிள்ளைங்க தப்பிச்சாங்க. 2023 ஜூன்ல தேசியத் தணிக்கை அலுவலகம் குடுத்த அறிக்கையப் பாருங்க: பள்ளிக் கட்டடங்களுக்கு வருஷம் 530 கோடி பவுண்டு வேணும்னு கல்வித் துறை கணக்குப் போட்டிருக்கு, கேட்டது சராசரியா 400 கோடி, நிதித் துறை ஒதுக்கினது சராசரியா 310 கோடி. அடுத்த ரெண்டு மாசத்துல, லீவு முடிஞ்சு பள்ளி தொறக்கற நேரத்துல, இந்தக் கட்டடத்துக்குள்ள போகாதீங்கன்னு 100-க்கும் மேல பள்ளிங்களுக்கு உத்தரவு வந்துச்சு. வேண்டியதுல பாதிக்குக் கொஞ்சம் மேல குடுத்தத எப்படிச் சிக்கனம்கறது, வீட்டுல ஒழுகற கூரைக்கு ஓடு வாங்காதவன சிக்கனக்காரன்னு எந்த ஊர்ல சொல்றாங்க?

ஒரு விஷயத்த ஒத்துக்கறேன். இதே நாட்டுல போருக்கு அப்புறம் ஒரு ஆஸ்டெரிட்டி இருந்துச்சு. ரொட்டிக்கே ரேஷன், மந்திரி வீட்டுக்கும் ரேஷன் புக்கு. அந்தக் கஷ்டத்துலதான் 1946-ல எல்லாப் பள்ளிப் பிள்ளைங்களுக்கும் இலவசப் பால் வந்துச்சு, 1947-ல கட்டாயப் படிப்பு வயச 14-லேர்ந்து 15-க்கு ஏத்தினாங்க, கூடுதல் பிள்ளைங்க உக்காரணுமேன்னு நாடு பூரா அவசர அவசரமா கான்கிரீட் கொட்டகை போட்டாங்க. அத வேணும்னா சிக்கனம்னு எழுதிக்கங்க, நான் சண்டைக்கு வரல. எல்லாரும் வயித்தக் கட்டினாங்க, பிள்ளை படிப்புல மட்டும் கை வெக்கல. ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே சொல்லா இருக்கறது அவங்க பாடு, தமிழ்ல ரெண்டு சொல்லு இருக்கறப்ப ஒண்ண மட்டும் வெச்சு ஒப்பேத்தறது நம்ம சோம்பேறித்தனம்.

அண்ணன் விடல, வள்ளுவர கூட்டிட்டு வந்தாரு. "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை", வரவு கொஞ்சமா இருந்தாலும் செலவு அகலாம இருந்தா கேடில்ல, இது ஆஸ்டெரிட்டி தானேன்னு. அதுல போகாறு அகலாதிருக்கணும்னுதான் இருக்கு, ஆத்த அடைச்சுடுன்னு இல்லியே. அதே வள்ளுவர் அரசுக்கு இலக்கணம் சொல்றப்ப "இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும் வல்ல தரசு"ங்கறாரு, கடைசியா வர்றது வகுத்தல், பகுந்து குடுக்கறது. இலங்கையில பட்ஜெட்டுக்குப் "பாதீடு"ன்னு ஒரு சொல்லு வெச்சிருக்காங்க பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு. தொல்காப்பியத்துல வெட்சித்திணையில வருது, கவர்ந்துட்டு வந்த ஆநிரைய வீரர்களுக்குப் பங்கு வெக்கற துறைக்குப் பேரு பாதீடு. பட்ஜெட்டுன்னா பங்கு வெக்கறதுன்னு அந்தச் சொல்லே ஞாபகப்படுத்துது. பங்கு வெக்கற எடத்துல ஒருத்தன் பங்க எடுத்துட்டா அது வெட்டுதான்.

மத்த சொல்லுங்களையும் பாத்துடுவோம். "கடும் சிக்கன நடவடிக்கை"ன்னு போட்டா சரியாயிடுமான்னா, ஆகாது, நல்ல குணத்துக்கு முன்னாடி கடும்னு போட்டா அது இன்னும் பெரிய நல்ல குணமாத்தான் தெரியும். "ஒறுப்பு"ன்னு தனித்தமிழ் நண்பர் ஒருத்தர் சொன்னாரு. துறவி உடம்ப ஒறுக்கறதுக்கு, அதாவது வருத்திக்கறதுக்கு, அது அச்சு அசல் பொருத்தம், ஆனா அவரு ஒறுக்கறது தன் உடம்ப, இங்க ஒறுக்கறது அடுத்த வீட்டுப் பிள்ளைய, அதுவும்போக பேப்பர் படிக்கறவங்கள்ல பத்துல எட்டு பேருக்கு அகராதி வேணும். தூய தமிழ்ங்கறது படிக்கறவனுக்குப் புரிஞ்ச தமிழாவும் இருக்கணும், இது என் கொள்கை. "நிதிச் சீரமைப்பு" இருக்கறதுலயே மோசம், சீர்னு ஒரு சொல்ல உள்ள வெச்சுட்டு எதுவுமே நடக்காத மாதிரி கடந்து போயிடுது. "செலவுக் குறைப்பு" பரவால்ல, பொய் இல்ல. ஆனா கொறைக்கறதுக்கும் வெட்டறதுக்கும் அளவுல வித்தியாசம் இருக்கு, உப்ப கொறைப்போம், கைய வெட்டினா கொறைச்சோம்னு சொல்ல மாட்டோம். அதனால நான் சொல்றது "செலவு வெட்டு".

இன்னொருத்தர் கேட்டாரு, "செலவு வெட்டு"ன்னா "வெட்டிச் செலவு" மாதிரி கேக்குதே, கொழப்பாதான்னு. நல்ல கேள்வி. அந்த வெட்டி வேற. சோழர் கல்வெட்டுகள்ல வெட்டின்னா கூலியில்லாம வாங்கற வேல, அதுலேர்ந்துதான் வெட்டி வேல, வெட்டிச் செலவு எல்லாம், பலனில்லாததுங்கற அர்த்தம் வந்துச்சு. "விரயம்"கறதுக்கும் இப்படி ஒரு கதை உண்டு, வடமொழியில வியயம்னா பொதுவா செலவுதான், நாமதான் வீண்செலவுக்குன்னு ஒதுக்கிட்டோம். ரெண்டு வெட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறது கொழப்பம்னு நான் நெனைக்கல, கேள்வி கேக்க வசதி. 2011-ல தமிழ்நாட்டுல ஆட்சி மாறினதும், சுமார் 200 கோடி ரூபாய்க்கு அச்சடிச்ச சமச்சீர் பாடப்புத்தகம் குடோன்ல கெடக்க, ஜூன்ல பள்ளி தொறந்து ஆகஸ்ட் வரைக்கும் பிள்ளைங்க கையில புத்தகம் இல்ல, பழைய பாடத்துக்குப் புதுசா அச்சடிக்கக் கெளம்பினாங்க. ஆகஸ்ட் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதுக்கப்புறம்தான் குடுத்தாங்க, அதுலயும் பழைய முதல்வர் சம்பந்தப்பட்ட பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டி. வெட்டிச் செலவுன்னா அந்த மாதிரி. இங்கிலாந்துத் திட்டத்துலயும் அது இருந்துச்சு, தாமதம், அதிகாரிங்க சிக்கல்னு கோவ் சொன்னதுல உண்மை உண்டு, முதல் செங்கல் வெக்கறதுக்கு முன்னாடியே ஆலோசகர்களுக்குப் பணம் ஓடிருக்கு. அத நிறுத்திட்டுக் கட்டடத்தக் கட்டியிருந்தா அது சிக்கனம். கட்டடத்தையும் சேத்து நிறுத்தினா அது செலவு வெட்டு. ரெண்டையும் "சிக்கன நடவடிக்கை"ன்னே எழுதிட்டா எது நடந்துச்சுன்னு படிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

மொழிபெயர்க்கறவங்க மேல எனக்கு இருக்கற வருத்தமே இதுதான். அகராதியில முதல்ல வர்ற சொல்ல எடுத்து வெச்சுட்டுப் போயிடறாங்க, யாரு பேசறா, யாருக்கு நட்டம்னு பாக்கறதில்ல. அரசாங்கம் தனக்குச் சாதகமா ஒரு சொல்லு சொல்லும், அது அதோட வேல. அத அப்படியே தமிழாக்கறது நம்ம வேல இல்ல. "சீர்திருத்தம்", "மறுசீரமைப்பு", "பள்ளி இணைப்பு" எல்லாம் இதே கதைதான், இணைப்புன்னா ஏதோ பாலம் போட்ட மாதிரி இருக்கு, மூடின பள்ளிக்கூடத்துப் பிள்ளை ரெண்டு மைல் கூட நடக்கறது அந்தச் சொல்லுல எங்க இருக்கு?

அந்த வரிய நான் இப்படி மாத்தி அனுப்பினேன்: "2010 முதல் அரசு செய்த செலவு வெட்டால், பள்ளிக் கூரைகளை மாற்றப் பணம் இல்லாமல் போனது." நேத்து வெளியாச்சு. அண்ணன் "செலவுக் குறைப்பால்"னு மாத்தியிருக்காரு. சிக்கனம் போயிடுச்சு, அதுவரைக்கும் சந்தோஷம், மிச்சத்துக்கு ஞாயித்துக்கிழமை நேர்லயே போய்ப் பேசறதா இருக்கேன்.