ரைசரில் அடைபடும் போட்டி

மலேசியாவில் அரசாங்க இலாகாவாக இருந்த தொலைபேசிச் சேவை 1987-இல் நிறுவனமாகி, 1990-இல் கோலாலம்பூர் பங்குச் சந்தைக்கு வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைத்தது. ஆனால் வீடு வரை ஓடிய செப்புக் கம்பி, சாலைக்கடியில் கிடந்த குழாய், மேன்ஹோல் எல்லாம் பெரும்பாலும் பழைய நிறுவனத்தின் கையிலேயே இருந்தன. உரிமம் இருந்தும் வீட்டுக்குப் போக வழி இல்லையென்றால் தொலைபேசியிலும் இணையத்திலும் போட்டி எங்கிருந்து வரும்?

1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு இதற்காகத்தான். எம்சிஎம்சி எனும் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அணுகல் பட்டியலில் ஒரு வசதி ஏறிவிட்டால், அதை வைத்திருப்பவர் கேட்கிற போட்டியாளருக்குப் பாரபட்சமில்லாமல் கொடுத்தாக வேண்டும்.

கொடுத்தால் மட்டும் போதாது, என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கம்பிக்குச் சொந்தக்காரர் போட்டியாளரிடம் மொத்த வியாபார விலையாக 90 வெள்ளி வாங்கிக்கொண்டு, தன் வாடிக்கையாளருக்கு 99 வெள்ளிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 9 வெள்ளியில் போட்டியாளர் ரவுட்டர், பழுதுபார்ப்பு, பில், வெளிநாட்டு இணைப்பு அனைத்தையும் சமாளிக்க வேண்டும். யாரும் தாக்குப்பிடிக்க முடியாது. 2018 ஜூனில் பிராட்பேண்ட் மொத்த விலைக்கு உச்சவரம்பு நடப்புக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் மாதம் 129 வெள்ளிக்கு இறங்கியது. வெறும் உரிமங்களால் இந்த இறக்கம் வந்திருக்காது என்பதே எங்கள் கணிப்பு.

ஒன்றைக் கவனியுங்கள்: 2010 போட்டிச் சட்டம் இத்துறைக்குப் பொருந்தாது. போட்டியைக் கெடுக்கும் நடத்தை குறித்த புகார், மேற்சொன்ன 1998 சட்டத்தின் 133-ஆம் பிரிவின்கீழ் எம்சிஎம்சிக்கே போக வேண்டும்.

இன்று கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், பினாங்கின் பாயான் பாரு அடுக்குமாடிகளில் அடைப்பு கட்டடத்துக்குள்ளேயே இருக்கக்கூடும். கீழே எஸ்டிஎஃப் அறை, அதாவது வெளியிலிருந்து வரும் கேபிள்கள் வீடுகளுக்குப் பிரியும் அறை. அங்கிருந்து ரைசர், அதாவது மாடிகளினூடே மேலே போகும் கேபிள் குழி வழியாக ஃபைபர் ஏறும். மாடியில் உள்ள பெட்டியில் பிரிந்து வீட்டுச் சுவருக்கு வரும். மேம்பாட்டாளர் ஒரே நிறுவனத்தோடு, அது மட்டுமே சேவை தரலாம் என்ற தனியுரிமை ஒப்பந்தம் போட்டிருப்பார். அல்லது நிர்வாக அலுவலகம் நுழைவுக் கட்டணமும் மாத வாடகையும் கேட்கும். இரண்டாவது நிறுவனம் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். சில இடங்களில் செத்த கேபிள்களைக் கழற்றாமல் விட்டதால் ரைசரில் புதுக் கேபிள் இழுக்க இடமே இருக்காது.

ஜேஎம்பி எனும் கூட்டு நிர்வாக அமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். எத்தனை ஆண்டு, தனியுரிமை வாசகம் உண்டா, தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று பாருங்கள். இவற்றைவிட முக்கியம், உள்ளே ஓடும் ஃபைபர் யாருடையது என்பது. கட்டடத்துடையது என்றால் வேறு நிறுவனம் கீழே வந்து இணைத்துக்கொள்ளலாம். நிறுவனத்துடையது என்றால் புதியவர் மொத்த விலைக்கு வாங்க வேண்டும், அல்லது சொந்தக் கேபிள் இழுக்க வேண்டும். கேபிள் இழுக்குமுன் எத்தனை வீடு சேரும் என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். விருப்பமுள்ளவர்களின் வீட்டு எண்களைப் பட்டியலாக்கி, ஒப்பந்தம் முடியும் தேதிக்கு முன்பே நிர்வாகக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள்.