ஒரே செய்முறை, இரண்டு நகரங்கள், இரண்டு பீர்

சிறிய பீர் ஆலை ஒன்று சொந்த ஊரில் நல்ல பெயர் வாங்கிய பிறகு, இன்னொரு நகரத்தில் இரண்டாவது ஆலையைத் திறக்கிறது. மால்ட் அதே வியாபாரியிடமிருந்து வருகிறது. கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும் அதே பண்ணையில் விளைந்ததுதான். ஈஸ்ட்டைப் பழைய ஆலையிலிருந்தே குளிரூட்டிய கலனில் கொண்டுபோகிறார்கள். காய்ச்சுபவரும் மாறவில்லை. இருந்தும் முதல் தொகுதியைச் சுவைத்துப் பார்த்த பழைய வாடிக்கையாளர்கள் “இது அந்த பீர் இல்லை” என்று உறுதியாகச் சொல்கிறார்கள். இது வெறும் மனப்பிரமையா, இல்லை உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

உண்மையிலேயே மாறியிருக்கும். முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரை. பீரில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். ஆனால் மால்ட் இத்தனை கிலோ, ஹாப்ஸ் இத்தனை கிராம் என்று துல்லியமாகக் குறித்துவைப்பவர்கள்கூடத் தண்ணீர் என்று வரும்போது இத்தனை லிட்டர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்று எழுதுவதில்லை. ஒரே ஊரில் காய்ச்சும்வரை எழுதவேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி செய்முறையே ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி அமைந்திருக்கும்.

பீர் காய்ச்சும் படிகளை வேகமாகக் கடந்துவிடலாம். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் கலந்து, சுமார் 65 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால், தானியத்தில் இருக்கும் அமைலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. இனிப்பான அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட்டைச் சேர்த்தால், சர்க்கரை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிவிடும். இவ்வளவும் பள்ளிப் பாடம். மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்து கூழாகும் முதல் சில நிமிடங்களில் நடப்பதுதான் பாடத்தில் இல்லாதது. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் அது ஒன்று.

அந்தக் கூழின் பிஎச் மதிப்பு, அதாவது புளிப்பைக் காட்டும் எண் (எண் குறையக் குறையப் புளிப்பும் ஹைட்ரஜன் அயனிகளும் கூடும்), ஏறத்தாழ 5.2 முதல் 5.6 வரைக்குள் இருக்க வேண்டும். அமைலேஸ் நொதிகள் நன்றாக வேலை செய்வது அங்கேதான். அதற்கு மேலே போனால் மாவுச்சத்து சரியாக உடையாது. உமியிலிருந்து டானின் கரைந்து நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு வரும். கொதிக்கும்போது புரதம் சரியாகத் திரளாமல் பீர் கலங்கும். ஹாப்ஸின் கசப்பும் கரடுமுரடாகிவிடும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், 5.7க்கும் 5.4க்கும் இடையே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இரண்டு மடங்காகிறது. குழாய்த் தண்ணீரின் பிஎச் பொதுவாக 7க்கும் 8க்கும் இடையில் இருக்கும். எட்டிலிருந்து ஐந்தரைக்கு இறங்க வேண்டுமென்றால் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 300 மடங்கு பெருக வேண்டும். அமிலம் எதையும் ஊற்றாமல் இத்தனை ஹைட்ரஜன் அயனிகளும் எங்கிருந்து வருகின்றன?

பார்லி விதை, தன் முளைக்குத் தேவைப்படும் பாஸ்பரஸை ஃபைட்டிக் அமிலமாகச் சேமித்து வைத்திருக்கிறது. முளைகட்டும்போது அதில் ஒரு பகுதி உடைந்து பாஸ்பேட்டாகிறது. வெந்நீர் பட்டதும் இந்தப் பாஸ்பேட் கரைந்து வெளியே வருகிறது. வரும்போது ஹைட்ரஜனையும் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. அந்த இயல்பான புளிப்பே பிஎச்சைப் பெருமளவு இறக்கிவிடும். தண்ணீரில் கால்சியம் இல்லை என்றால் கதை அங்கேயே நின்றுவிடும். இருந்தால், கால்சியம் அயனி போய்ப் பாஸ்பேட்டுடன் சேர்ந்துகொள்கிறது. இரண்டும் சேர்ந்த கால்சியம் பாஸ்பேட் கரையாத பொருள் என்பதால் வீழ்படிவாக அடியில் தங்கிவிடுகிறது. பாஸ்பேட் பிடித்துவைத்திருந்த ஹைட்ரஜனுக்கு இப்போது இடமில்லை. அது தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது. கூழ் புளிப்பாகிறது.

இதில் கால்சியம் அமிலமே அல்ல என்பதைக் கவனியுங்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்த கனிமமான ஜிப்சத்தைச் சுத்தமான தண்ணீரில் கரைத்தால் பிஎச் பெரிதாக அசையாது. அதே ஜிப்சத்தை மால்ட் கூழில் கரைத்தால் பிஎச் இறங்குகிறது. அமிலத் தன்மை விதைக்குள் ஏற்கெனவே இருந்தது. கால்சியம் அதை விடுவித்தது, அவ்வளவுதான். முளைக்கக் காத்திருந்த ஒரு விதையின் சேமிப்பும், மண்ணுக்கடியில் பாறையிலிருந்து கரைந்து வந்த ஓர் உலோகமும் கூழ்ப் பானையில் சந்தித்து இப்படி ஒரு மாற்றத்தை நிகழ்த்துகின்றன. எத்தனை முறை யோசித்துப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

எதிர்த்தரப்பும் உண்டு. மழைநீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, சுண்ணாம்புப் பாறை வழியாக இறங்கும்போது, கால்சியத்தோடு பைகார்பனேட்டையும் சேர்த்தே எடுத்துவருகிறது. இந்தப் பைகார்பனேட், கூழில் விடுபடும் ஹைட்ரஜனைப் பிடித்து, தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறிவிடுகிறது. வாயு ஆவியோடு போய்விடும்; போன ஹைட்ரஜன் திரும்பாது. ஆக, கால்சியம் விடுவிக்கிறது, பைகார்பனேட் விழுங்குகிறது. யார் கை ஓங்குகிறது என்பதைப் பொறுத்தே பீரின் குணம் அமைகிறது.

ஜெர்மானிய வேதியியலாளர் பவுல் கோல்பாக் 1950களில் இந்தப் போட்டிக்கு ஒரு கணக்கு கொடுத்தார். ஒரு சமான அளவு (எடையால் அல்லாமல் அயனிகளின் மின்னேற்றத்தால் எண்ணும் அளவு) பைகார்பனேட்டைச் சரிக்கட்டச் சுமார் 3.5 சமான அளவு கால்சியம் தேவை. மெக்னீசியம் என்றால் 7. அப்படிச் சரிக்கட்டியது போக மிஞ்சுவது எஞ்சிய காரத்தன்மை. தண்ணீரின் பிஎச்சை மட்டும் அளந்துவிட்டுக் கூழ் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த மிச்சத்தைக் கணக்கிட்டால் ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் பழைய பீர் நகரங்களைப் பாருங்கள். செக் நாட்டின் பில்சன் நகரத் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. விடுவிக்கக் கால்சியமும் இல்லை, விழுங்கப் பைகார்பனேட்டும் இல்லை. வெளிர் மால்ட்டின் இயல்பான புளிப்பே கூழை ஏறக்குறைய சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். கூழின் ஒரு பகுதியை எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் சேர்க்கும் அவர்களுடைய பொறுமையான முறை மீதியைப் பார்த்துக்கொண்டது. 1842இல் யோசப் குரோல் அங்கே காய்ச்சிய பொன்னிற பீர்தான் இன்று உலகெங்கும் பில்சனர் என்ற பெயரில் விற்கிறது. மியூனிக், டப்ளின், லண்டன் ஆகிய நகரங்களின் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அங்கே வெளிர் மால்ட் தோற்றுப்போகும். ஆனால் மால்ட்டைக் கருக வறுக்கும்போது அமிலங்கள் உருவாகின்றன. அவை பைகார்பனேட்டோடு மோதி அதை அடக்கிவிடும். அந்த நகரங்கள் கரும்பழுப்பு பீர்களுக்குப் பெயர்பெற்றதில் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு. பிஎச் என்ற கருத்தே பிறக்காத காலத்தில், எந்த பீர் நன்றாக வருகிறதோ அதையே மறுபடி காய்ச்சி, அந்த மக்கள் தங்கள் பாறைக்கு ஏற்ற விடையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் ட்ரென்ட் என்ற சிற்றூருக்கு ஜிப்சப் படுகைகள் வாய்த்தன. லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் சல்பேட்டும், அதற்கு ஈடாகக் கால்சியமும் கொண்ட தண்ணீர் அது. கால்சியம் கூழைச் சரியான புளிப்புக்குக் கொண்டுவர, சல்பேட் ஹாப்ஸின் கசப்பை வறட்சியாக, கூர்மையாக எடுத்துக்காட்ட, அவ்வூரின் வெளிர் ஏல் என்ற வகை பீர் கடல்கடந்து விற்றது. லண்டனின் பெரிய ஆலைகளால் தங்கள் தண்ணீரில் அப்படிக் காய்ச்ச முடியவில்லை. 1870களில் சாரிங்டன், ட்ரூமன் ஆகிய லண்டன் நிறுவனங்கள் பர்ட்டனிலேயே போய் ஆலை வைத்தன. இன்று சிறு ஆலைகள் சந்தையைத் தேடிப் புதிய நகரத்துக்குப் போகின்றன; அன்று அவர்கள் தண்ணீரைத் தேடிப் போனார்கள். அதே நூற்றாண்டு முடிவதற்குள் வேதியியலாளர்கள் அந்தத் தண்ணீரைப் பகுத்தாராய்ந்து, வேண்டியது ஜிப்சம்தான் என்று கண்டுவிட்டார்கள். பிறகு ஆலையை நகர்த்த வேண்டிய தேவை இல்லாமல்போனது. ஒரு மூட்டை வெள்ளைப் பொடி போதும்.

இதற்குப் பிறகும் ‘அதிசய ஊற்று’, ‘வரம் பெற்ற கிணறு’ என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. அந்த ஊற்றுக்கு உண்மையிலேயே ஒரு சிறப்பு உண்டு. அது எந்தப் பாறை, எந்த அயனி, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லக்கூடிய சிறப்பு. அதை மறைத்துவிட்டு மந்திரத்தை முன்னால் நிறுத்துவது, கேட்பவரின் ஆர்வத்தை முளையிலேயே கிள்ளுவதாகும்.

பிஎச் அளவுகோல் பிறந்ததே ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில்தான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலை 1875இல் தொடங்கிய ஆய்வகத்தில், சோரன்சென் என்ற வேதியியலாளர் நொதிகளின் வேலையில் ஹைட்ரஜன் அயனிகளுக்கு என்ன பங்கு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மிகச் சிறிய எண்களை எழுதிக் கையாள்வது தொல்லையாக இருந்ததால், 1909இல் இந்த அளவுகோலை முன்வைத்தார். அதே ஆய்வகத்தில் 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். நிறுவனம் அதைப் பூட்டிவைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. இன்று மண் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் நீச்சல்குளப் பராமரிப்பும் சோரன்சென்னின் அளவுகோலில்தான் நடக்கின்றன. ‘இந்த ஆராய்ச்சியால் உடனடியாக என்ன பயன்?’ என்று கேட்டு நிதியை வெட்டும் குழுக்களில் இருப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பீர் விற்ற ஒரு முதலாளிக்கு இருந்த பொறுமை அரசுகளுக்கு இல்லாமல் போவது நியாயமில்லை.

புதிய நகரத்துக்குப் போகும் ஆலை செய்யவேண்டியது என்ன? குழாயில் வரும் தண்ணீரின் அயனி அறிக்கையை முதலில் வாங்க வேண்டும். கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், சல்பேட், குளோரைடு ஆகிய ஆறும் தேவை. நீர்த்தேக்கத்திலிருந்து நிலத்தடி நீருக்கு மாற்றி மாற்றி விநியோகிக்கும் நகரங்களில் பருவத்துக்குப் பருவம் எண்கள் மாறும் என்பதால், ஒரு அறிக்கை போதாது. கிருமிநீக்கத்துக்குப் போடும் குளோரினையும் குளோரமினையும் கரித்தூள் வடிகட்டியால் நீக்கிவிட வேண்டும். அவை மால்ட்டின் பீனால் சேர்மங்களோடு சேர்ந்தால், நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மருந்துக்கடை வாடை அடிக்கும்.

பிறகு இரண்டு வழிகள் உண்டு. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியால் எல்லா உப்புகளையும் வெளியேற்றிவிட்டு, பழைய ஊரின் தண்ணீரை உப்பு உப்பாகக் கட்டி எழுப்பலாம். அல்லது வந்த தண்ணீரையே லாக்டிக் அமிலத்தாலோ புளித்த மால்ட்டாலோ திருத்தலாம். கால்சியத்தை ஜிப்சமாகச் சேர்த்தால் கசப்பு முன்னே வரும். கால்சியம் குளோரைடாகச் சேர்த்தால் மால்ட்டின் இனிப்பும் நிறைவும் முன்னே வரும். முதல் காய்ச்சலன்று, கூழிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து பிஎச் பார்க்க வேண்டும். கடைசியில் வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு அயோடினைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இன்னும் மிச்சம் இருக்கிறது; அயோடினின் பழுப்பு அப்படியே நின்றால் நொதிகள் வேலையை முடித்துவிட்டன.

இவ்வளவும் செய்து தண்ணீர் ஒத்துப்போன பிறகும் சுவை மாறுபட்டால், அடுத்துப் பார்க்கவேண்டியது நகரத்தின் உயரத்தை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த வெப்பத்தில் ஹாப்ஸின் கசப்பு உருவாக அதிக நேரம் பிடிக்கும். அதற்கும் அடுத்தது நொதித்தல் தொட்டி. பழைய ஆலையில் தாழ்வான தொட்டியும் புதிய ஆலையில் நெட்டையான தொட்டியும் இருந்தால், அடியில் திரவத்தின் அழுத்தம் கூடி, கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதிகமாகி, ஈஸ்ட் பழவாசனை தரும் எஸ்டர்களைக் குறைவாகவே உருவாக்கும். வாசகர் சொன்ன ஆலையில் பழைய பீரின் பழவாசனை மட்டும் காணாமல்போய், கசப்பும் தெளிவும் அப்படியே இருந்தால், தண்ணீரை விட்டுவிட்டுத் தொட்டியை அளந்து பார்க்கச் சொல்வேன்.