‘நான் எதுக்கும் லாயக்கில்லை’: மனதின் தீர்ப்பை நோட்டில் எழுதிப் பார்ப்பது

செமஸ்டர் ரிசல்ட் வருகிறது. கணிதத்தில் அரியர். அடுத்த சில நொடிகளில் மனதுக்குள் ஒரு வாக்கியம் ஓடுகிறது: “நான் எதுக்கும் லாயக்கில்லை.” அதில் கணிதம் இல்லை, தேர்வு இல்லை, தேதியும் இல்லை. தவறியது ஒரு தாள். தீர்ப்போ ஆள் மேல். அவமான உணர்வு வேலை செய்வதே இந்தத் தாவலில்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-ல் இதைப் பிரித்துக் காட்டினார். குற்ற உணர்வு செயலைப் பிடிக்கும்: “படிக்காமல் விட்டுவிட்டேன்.” அவமான உணர்வு ஆளையே பிடிக்கும்: “நான் ஒரு தண்டச்சோறு.” முதலாவது சரிசெய்யத் தூண்டும், இரண்டாவது ஒளிந்துகொள்ளத் தூண்டும். உளவியலாளர் ஜூன் டாங்னி பின்னர் செய்த ஆய்வுகளில், எளிதில் அவமான உணர்வுக்கு ஆளாகிறவர்களிடம் கோபமும் பழியை அடுத்தவர் மேல் போடும் பழக்கமும் கூடுதலாக இருந்தன. அசிங்கப்படுத்தினால்தான் பிள்ளை திருந்தும் என்று இன்னும் நம்பும் வீடுகளும் வகுப்பறைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

உடம்பிலும் இதை அளக்க முடியும். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-ல் வெளியான சோதனை ஒன்று உண்டு. முகத்தில் எந்தச் சலனமும் காட்டாத ஒரு குழுவின் முன் 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022-லிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பினால் மறுபடி 1022. இப்படி ஆய்வகத்தில் மன அழுத்தம் கொடுத்துப் பார்த்த 208 ஆய்வுகளை உளவியலாளர்கள் டிக்கர்சனும் கெமனியும் 2004-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பிறர் நம்மை எடைபோடுகிறார்கள், முடிவு நம் கையில் இல்லை: இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் மிக அதிகமாக ஏறியது, இறங்கவும் அதிக நேரம் பிடித்தது. பொதுவாக அது உச்சத்தைத் தொட அரை மணி நேரம் போல ஆகும். பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் போல ஆகலாம். அதனால் ரிசல்ட் பார்த்த சூட்டில் மனதோடு வாதாட வேண்டாம். முகம் கழுவுங்கள், கொஞ்ச தூரம் நடங்கள், சாப்பிடுங்கள். நோட்டை அதன் பிறகு எடுத்தால் போதும்.

பலரும் முதலில் செய்து பார்ப்பவை இரண்டு. ஒன்று, நினைக்காமல் இருக்க முயல்வது. டேனியல் வெக்னர் 1987-ல் மாணவர்களிடம் 5 நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்றார். நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கிறோமா என்று கண்காணிப்பதே அந்த நினைவை உயிரோடு வைத்திருக்கிறது. இன்னொன்று, கண்ணாடி முன் நின்று தன்னைப் புகழ்வது. ஜோன் வுட் குழுவினரின் 2009 ஆய்வில், தன்மதிப்பு ஏற்கெனவே குறைவாக இருந்தவர்கள் “நான் அன்புக்குரியவன்” என்று சொல்லிக்கொண்டபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிடச் சோர்ந்தார்கள். நம்ப முடியாத வாக்கியத்தைச் சொன்னால், மனம் உடனே அதற்கு எதிரான சாட்சிகளைத் தேடி எடுக்கிறது.

பலன் தருவது, அந்தக் குரல் சொல்வதை ஒரு கூற்றாக எடுத்துச் சோதிப்பது. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் பிலடெல்பியாவில் வளர்த்த சிகிச்சை முறையிலிருந்து வந்த பயிற்சி இது. நோட்டில் முதலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், சிசிடிவி கேமராவில் என்ன பதிவாகியிருக்குமோ அந்த அளவுக்கு: “கணிதம்-2 ஃபெயில், மற்ற ஐந்தும் பாஸ்.” அடுத்து, மனதில் ஓடிய சொற்களை அப்படியே, வசவு உட்பட எழுதுங்கள். நாகரிகமாக மாற்றினால் சோதிக்க வேண்டிய பொருளே கைநழுவிவிடும். பல நேரம் அந்தச் சொற்கள் அப்பா அல்லது ஒரு வாத்தியார் பேசிய அதே நடையில் வரும். அதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். இப்போது அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 0 முதல் 100 வரை ஒரு எண். 90 என்று வைத்துக்கொள்வோம்.

அதற்குக் கீழே இரண்டு பத்தி. ஆதரவாக: “மூன்று யூனிட்டைத் தொடவே இல்லை. இது இரண்டாவது அரியர்.” எதிராக: “ஐந்து தாள் பாஸ். லேப் ரெக்கார்டு எல்லாம் நேரத்துக்கு முடித்தேன். தம்பிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.” இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுவார்கள். “எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது” என்பது சாட்சி ஆகாது. பார்க்கவோ எண்ணவோ முடிந்தது மட்டுமே சாட்சி. கடைசியில் இரண்டு பத்திக்கும் பொருந்தும் ஒரு வாக்கியம்: “மூன்று யூனிட் படிக்காததால் ஃபெயில் ஆனேன், நவம்பருக்குள் அவற்றை முடிக்க, ஒரு யூனிட்டுக்கு இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும்.” மறுபடி எண் போடுங்கள். 90 என்பது 60 ஆனாலே வேலை நடந்திருக்கிறது. பூஜ்யத்தை எதிர்பார்ப்பவர்கள் மூன்றாம் நாளே நோட்டை மூடிவிடுகிறார்கள்.

எழுத வழியில்லாத இடத்தில், பஸ்ஸிலோ மீட்டிங் நடுவிலோ, “நான்” என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைச் சொல்லி மனதுக்குள் பேசுங்கள்: “கார்த்தி, இப்ப அடுத்து என்ன செய்யணும்?” ஈதன் கிராஸ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப் பேச்சுக்கு முன் இப்படிப் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் பேச்சை இன்னும் நன்றாகச் செய்தார்கள், அதன் பிறகு அவமான உணர்வில் உழன்றதும் குறைவு. “நீ” என்று சொன்னாலும் சரி, திட்டும் தொனி மட்டும் வேண்டாம்.

அந்தக் குரல் வாரக்கணக்கில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தாலோ, உயிரோடு இருக்க வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினாலோ, நோட்டு போதாது. இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஒளிவதுதான் மிச்சம் இருக்கும் சிக்கல். வகுப்புக்குப் போகாமல், போனை எடுக்காமல் இருந்தால் அந்த நிமிடம் நிம்மதிதான். ஆனால் “எல்லாரும் கேவலமாகப் பார்ப்பார்கள்” என்ற கணிப்பு பொய்யாவதற்கு வாய்ப்பே கிடைக்காது. தாமஸ் கிலோவிச் 2000-ல் வெளியிட்ட சோதனையில், சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டோடு அறைக்குள் நுழைந்த மாணவர்கள், உள்ளே இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் அதில் பாதிதான். எனவே ஒருவரிடம் சொல்லுங்கள். கேட்டதும் அறிவுரையில் இறங்காத, விஷயத்தை ஊருக்குப் பரப்பாத ஒருவராக இருக்கட்டும். அவர் என்ன சொல்வார் என்று நீங்கள் நினைப்பதை முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். பேசி முடித்ததும், அவர் உண்மையில் சொன்னதை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள்.