செப்புக் காசுக்குப் புளி வேண்டாம்

பாட்டியின் சுருக்குப்பையிலோ பழைய பிஸ்கட் டின்னிலோ செப்புக் காசு கிடைத்தால், நம் வீடுகளில் கை முதலில் புளிக்குத்தான் போகும். குத்துவிளக்கு துலக்கிய பழக்கம். தயவுசெய்து வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பிராஸோ பாலிஷும் அழுக்கோடு சேர்த்து, செம்பைக் காத்துவரும் பழுப்புப் படலத்தையும் அரித்துவிடும். தேய்த்த கீறல்கள் லென்ஸில் பளிச்சென்று தெரியும். இளஞ்சிவப்பாக மின்னும் அந்தக் காசைப் பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் நீட்டினால், விவரம் தெரிந்தவர்கள் வாங்கத் தயங்குவார்கள்.

நம்மிடம் அதிகம் இருப்பவை ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட மலாயா சதுரக் காசு, குறுக்கே இரண்டு கிரிஸ் கத்திகள் கொண்ட 1962 வட்டக் காசு, நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த மலேசிய ஒரு சென் காசு. சதுரத்திலும் 1943, 1945 காசுகள் முந்தையவற்றைவிடச் சிறியவை, எடையும் குறைவு. ஆண்டைப் பார்த்தே பிரியுங்கள்.

ஒரு சென்னுக்குக் காந்தம் அவசியம். 1967இல் வந்தது வெண்கலம், ஒட்டாது. 1973இலிருந்து உள்ளே எஃகு, மேலே செம்பு உறை, ஒட்டும். 1989இல் வந்த, செம்பருத்திப் பூ பொறித்த ஒரு சென்னும் ஒட்டும். எஃகுக் காசை நீரில் ஊறவைக்கவே கூடாது. உறையில் சின்னக் கீறல் இருந்தாலும் துரு உள்ளிருந்து புடைத்துவரும்.

பச்சையைக் கண்டு பதற வேண்டாம், வகையைப் பாருங்கள். கெட்டியாக ஒட்டிய பச்சையை அப்படியே விடலாம். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து, துடைத்தாலும் திரும்ப வந்தால் அது வியாதி: வியர்வை, கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்கிறது. அந்தக் காசை உடனே தனியே எடுத்து வையுங்கள். வெண்கலமானால் காய்ச்சி வடித்த நீரில், தினமும் நீரை மாற்றி, சில வாரம் ஊறவையுங்கள். பிசுபிசுப்பான பச்சையென்றால் குற்றவாளி ஆல்பம்தான். மழைக்கோட்டு வாசம் அடிக்கும் மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறை நாளாக ஆகக் கசியும். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிடம் போட்டு எடுங்கள். அடுப்பங்கரையில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிறகு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

காசு வைக்க, பாலியெஸ்டர் ஜன்னல் வைத்த அட்டை உறையே நல்லது. ஸ்டேப்ளர் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள். இல்லையேல் பக்கத்துக் காசைக் கீறும். கோலாலம்பூர்ப் புழுக்கத்துக்கு இறுக மூடும் டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். ஜெல்லின் நீல மணி இளஞ்சிவப்பானதும் மாற்றுங்கள். ரப்பர் பேண்டு மட்டும் அருகில் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் செம்பைக் கருக்கிவிடும்.