மூளைக்கட்டிக்குப் பின் எடை இயந்திரம் காட்டாதவை

குழந்தைகளுக்கு வரும் மூளைப் புற்றுநோய்களில் மெடுல்லோபிளாஸ்டோமா அடிக்கடி காணப்படும் ஒன்று. சிறுமூளைப் பகுதியில் தோன்றும். முறையான சிகிச்சை கிடைத்தால், நோய் பரவாத நிலையில் கண்டறியப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று பிழைத்து வளர்ந்து ஆளாகிறார்கள். அவர்களுடைய உடலில் கட்டியின் கணக்கு முடிந்தாலும் சிகிச்சையின் கணக்கு முடிவதில்லை.

இந்தப் புற்றுநோய் செல்கள் மூளைத் தண்டுவட நீரோடு நகரக்கூடியவை. அதனால் மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டு நெடுகவும் கதிர்வீச்சு தருகிறார்கள். ஆபத்து குறைந்த பிரிவினருக்கு 23.4 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), கூடிய பிரிவினருக்கு 36 கிரே. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் 54 கிரே வரை. கட்டிக்குச் சம்பந்தமே இல்லாத, ஆனால் உடலின் ஹார்மோன் சுரப்பை நடத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியும் பிட்யூட்டரி சுரப்பியும் கதிரின் பாதையில் மாட்டிக்கொள்கின்றன. பாதிப்பு உடனே தெரியாது. மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். பெரும்பாலும் முதலில் அடிபடுவது வளர்ச்சி ஹார்மோன்.

பெயரைப் பார்த்து, உயரத்துக்கு மட்டும்தான் அது தேவை என்று நினைத்துவிடுகிறோம். கொழுப்பைக் கரைப்பதும், தசைக்குப் புரதம் சேர்ப்பதும், கல்லீரலை ஐஜிஎஃப்-1 என்ற பொருளைச் சுரக்க வைத்து எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுவதும் அதன் வேலைகளே. அது குறைந்தால் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு ஏறும், தசை இறங்கும். ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் எடை மாறாமலேயே இருக்கலாம். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ அப்போது ‘எல்லாம் சரி’ என்றே சொல்லும். இவர்களைப் பொறுத்தவரை அந்த எண்ணை மட்டும் நம்புவதைவிட, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்ப்பது எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

தொடைத் தசைக்கு வேறொரு பகையும் உண்டு. மூளை வீக்கத்தை அடக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் நாள்கணக்கில் நீளும்போது இடுப்பு, தொடைத் தசைகளைக் கரைக்கும். எலும்பு கட்டும் செல்களை அழிக்கும். குடல் கால்சியம் உறிஞ்சுவதையும் குறைக்கும். வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் போன்ற மருந்துகள் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைக்கின்றன. இத்தனைக்கும் இது எலும்பில் தாது சேர வேண்டிய பருவம். ஏறக்குறைய முப்பது வயதுக்குள் சேர்ந்ததுதான் பின்னாளைய கையிருப்பு. பருவமடைதல் ஹார்மோன்களும் குறைந்தால் சேர்மானம் இன்னும் மெலியும். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு நடை தள்ளாடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எலும்பு மெலிந்தவர்களே அடிக்கடி விழுகிறார்கள்.

கிரானியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டியில் கதை வேறு. அது ஹைப்போதலாமஸை ஒட்டியே வளர்கிறது. ‘போதுமான கொழுப்பு இருக்கிறது’ என்று கொழுப்புச் செல்கள் லெப்டின் வழியாக அனுப்பும் செய்தியை வாங்கும் இடமே சிதைந்துபோவதால், மூளை உடலைப் பட்டினியில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. பசி கூடுகிறது, உடல் செலவழிக்கும் ஆற்றல் குறைகிறது. அளவாகச் சாப்பிட்டும் எடை ஏறும். இந்தப் பிள்ளைகளிடம் ‘வாயைக் கட்டு’ என்று சொல்வது அறியாமை மட்டுமல்ல, கொடுமையும்கூட.

உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்டுவது டெக்ஸா ஸ்கேன். இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களை எலும்பும் கொழுப்பும் தசையும் வெவ்வேறு அளவில் தடுப்பதை வைத்து ஒவ்வொன்றையும் கணக்கிடுகிறார்கள். கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஒரு சிக்கல் உண்டு: இந்தக் கருவி எலும்பின் பரப்பை அளக்கிறதே தவிர ஆழத்தை அளப்பதில்லை. எனவே குள்ளமான குழந்தையின் நல்ல எலும்பும் அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். உயரத்துக்கு ஏற்பத் திருத்தாத அறிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சிகிச்சை முடிந்து, கட்டி திரும்பாமல் வழக்கமாக ஓராண்டு கடந்த பிறகு வளர்ச்சி ஹார்மோன் ஊசியை யோசிக்கிறார்கள். அது கட்டியைத் திரும்ப வரவழைக்கும் என்ற பயம் பெற்றோரிடம் உண்டு. இதுவரை வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஊசியால் கொழுப்பு குறைந்து தசை கூடும், கால்கள் நீளும். கதிர் பட்ட முள்ளெலும்புகள் மட்டும் அந்த அளவுக்கு வளர்வதில்லை. அதனால்தான் இந்தக் குழந்தைகளை நிற்கவைத்து அளப்பதோடு விடாமல், உட்காரவைத்தும் உயரம் அளக்கிறார்கள்.