விண்வெளி நிலையத்தில் உங்கள் இருக்கை எது?

போர் விமானிகள் ஆபத்து வந்தால் இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் இறங்கிவிடுகிறார்களே, விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு வழி கிடையாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாராளமாகக் குதிக்கலாம். ஆனால் கீழே விழ மாட்டார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. அதிலிருந்து குதித்தவரும் அதே வேகத்தில் அதன் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார். இறங்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நொடிக்கு ஏறக்குறைய 120 மீட்டர் குறைத்தாலே போதும்; சுற்றுப்பாதையின் மறுபக்கம் தாழ்ந்து வளிமண்டலத்துக்குள் நுழைந்துவிடும். மீதி வேகத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். அப்போது எழும் வெப்பத்தைத் தாங்க ஒரு கவசம் வேண்டும், அவ்வளவுதான். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இதற்காக ஒரு பையையே வடிவமைத்தது. வீரர் பைக்குள் நுழைந்து, அதை நுரையால் நிரப்பி, கையில் பிடித்த சிறு ராக்கெட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பூமியில் வந்து விழலாம் என்பது திட்டம். விண்வெளியிலிருந்து யாரும் அதில் இறங்கிப் பார்க்கவில்லை. நல்லவேளை.

இன்று நடைமுறையில் உள்ள ஏற்பாடு மிக எளிமையானது. வந்த வண்டி உடனே திரும்பிப் போகாது. நிலையத்தின் வாசலிலேயே பூட்டி நிற்கும். 2000 நவம்பரில் முதல் குழு குடியேறிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்துக் குப்பையைச் சிதறவிட்டபோது, நிலையத்தில் இருந்த ஏழு பேரும் அவரவர் விண்கலத்துக்குள் போய்க் காத்திருந்தார்கள், அதில் ரஷ்யர்களும் அடக்கம். (ஆயுத வல்லமையைக் காட்ட விண்வெளியில் குப்பை கொட்டுவதைப் போன்ற மடமை வேறில்லை. எந்த நாடு செய்தாலும்தான்.)

'அவரவர் விண்கலம்' என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இருக்கிறது. ரஷ்யாவின் சோயுஸ் கலம் கடலில் அல்ல, கஜகஸ்தானின் புல்வெளியில் இறங்குகிறது. பாராசூட் விரிந்த பிறகும் அது நொடிக்கு ஏழு மீட்டர் அளவில் விழுகிறது. தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் அடிப்பாகத்து ராக்கெட்டுகள் சீறி வேகத்தை மட்டுப்படுத்தும். அதற்கு முன்பே இருக்கைகள் மேலே எழும்பி, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிடும். இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் அடியை முதுகு முழுவதும் சீராகப் பரப்பினால்தான் எலும்பு தப்பும். ஆகவே ஒவ்வொருவரின் உடலுக்கும் தனித்தனியாக ஒரு படுக்கை வார்க்கிறார்கள். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள ஸ்வெஸ்தா நிறுவனத்தில் வீரரை மெல்லிய உள்ளாடையோடு படுக்கவைத்து, சுற்றிலும் பிளாஸ்டர் குழம்பை ஊற்றி, முதுகின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அச்செடுக்கிறார்கள். எடையின்மையில் முதுகெலும்பு சில சென்டிமீட்டர் நீண்டுவிடும் என்பதால் தலைப்பக்கம் கொஞ்சம் இடமும் விடுகிறார்கள். அளவு பொருந்தாத செருப்பு காலைக் கடிக்கும். இங்கே கடிபடப்போவது முதுகெலும்பு.

எனவே உங்கள் வார்ப்பு எந்தக் கலத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் உயிர்காப்புப் படகு. 2006 டிசம்பரில் சுனிதா வில்லியம்ஸ், சில நாளே நின்று திரும்பிய அமெரிக்க விண்வெளி ஓடத்தில் வந்தார். அதே ஓடத்தில் ஊர் திரும்ப இருந்தவர் ஜெர்மனியின் தாமஸ் ரைட்டர். சோயுஸிலிருந்து ரைட்டரின் வார்ப்பு எடுக்கப்பட்டு சுனிதாவினுடையது வைக்கப்பட்ட பிறகே அவர் நிலையக் குழுவின் உறுப்பினரானார். கைகுலுக்கலோ கொடியோ அதைத் தீர்மானிக்கவில்லை.

2022 டிசம்பரில் இந்த வார்ப்பின் அருமை உலகுக்கே தெரிந்தது. சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் குளிர்விப்பு நீர்மம் வெளியே பீறிட்டது. குளிர்விப்பு இல்லாத சிறு அறையில் மூன்று பேர் அடைந்தால் அவர்களின் உடற்சூடே ஆபத்து. அதனால் மூவரில் ஒருவரான அமெரிக்கர் பிராங்க் ரூபியோவின் வார்ப்பைக் கழற்றி, அருகில் நின்ற ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில் சரக்கு வைக்கும் இடத்தில் கட்டினார்கள். ஒருவரை இடம் மாற்றியதால் அவருக்கு வேறு வண்டி கிடைத்தது. மற்ற இருவருக்கும் வெப்பம் குறைந்தது. இவ்வளவு அழகான அவசரத் தீர்வை நான் அதிகம் கண்டதில்லை. பிப்ரவரியில் ஆளில்லாமல் மாற்று சோயுஸ் வந்ததும் வார்ப்பு அதற்குப் போனது. ரூபியோ மொத்தம் 371 நாள் விண்வெளியில் கழித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

2024இல் சுனிதாவும் புட்ச் வில்மோரும் 'சிக்கித் தவிக்கிறார்கள்' என்று எழுதியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. சிலர் ராகு, கேது வரைக்கும் போனார்கள். அவர்கள் வந்த போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் கலம் செப்டம்பரில் காலியாகப் புறப்பட்ட பிறகு, அடுத்த டிராகன் வந்து சேரும்வரை, ஏற்கெனவே நின்ற டிராகனின் சரக்குப் பகுதியில் நுரைத் திண்டு வைத்து இருவருக்கும் தற்காலிக இடம் ஒதுக்கியிருந்தார்கள். சொகுசு இல்லை, ஆனால் வழி இருந்தது.

உண்மையில் வழியில்லாமல் இருந்தவர்கள் சீனர்கள். 2025 நவம்பரில் தியாங்கொங் நிலையத்தில் நின்ற ஷென்சோ-20 கலத்தின் ஜன்னலில் விரிசல் தெரிந்தது, குப்பை மோதியிருக்கலாம் என்றார்கள். அந்தக் குழு, அடுத்த குழு வந்திருந்த ஷென்சோ-21இல் 14ஆம் தேதி ஊர் திரும்பியது. அதில் வந்த மூவருக்கு நம்பத்தக்க படகு இல்லாமல் போனது. பழுதில்லாத ஷென்சோ-22 ஆளில்லாமல் கிளம்பி 25ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. பதினோரு நாளில் இது முடிந்ததற்குக் காரணம், அடுத்த கலத்தையும் ராக்கெட்டையும் எப்போதும் தயார்நிலையில் வைத்திருக்கும் சீனாவின் வழக்கம்.

அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஏழு பேர் தப்பும் தனிக் கலமாக எக்ஸ்-38ஐச் சோதித்துக்கொண்டிருந்தது. 2002இல் செலவைக் காரணம் காட்டிக் கைவிட்டது. இந்தியா 2035க்குள் சொந்த நிலையம் அமைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. காத்து நிற்கும் அந்த இன்னொரு ராக்கெட்டுக்கான பணத்தை முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள் என்பது என் கட்சி. பறக்காத ராக்கெட்டுக்கு ஏன் இத்தனை கோடி என்று தணிக்கையில் கேட்பார்கள். கேட்கட்டும்.